எனக்கு எந்த வேலை செட் ஆகும்? (பி.இ. மெக்கானிக்கல், 25 வயது, முழுக் குழப்பம்)

கேள்வி: 8 ஜூன் 2025, இரவு 11.40

2022-இல் மெக்கானிக்கல் முடித்தேன். ஒரு வருடம் கோர் கம்பெனி, அதாவது படித்த மெக்கானிக்கலுக்கே வேலை தரும் இடம், தேடி அலைந்தேன். கிடைத்ததெல்லாம் 12 ஆயிரம், அதுவும் கான்ட்ராக்ட். இப்போது சென்னையில், அமெரிக்க மருத்துவமனைகளுக்கு பில்லிங் பார்க்கும் கம்பெனியில் நைட் ஷிப்ட். வீட்டில் குரூப் 4 எழுதச் சொல்கிறார்கள். ஜூலை 12 தேர்வு, விண்ணப்பித்துவிட்டேன். நண்பன் டேட்டா அனலிடிக்ஸ் படி என்கிறான். நாலு யூடியூப் வீடியோ பார்த்தால் நாலு திசை காட்டுகிறார்கள். "உனக்கு எதில் ஆர்வம்?" என்று கேட்டால் உண்மையிலேயே தெரியவில்லை. எந்தத் துறை எனக்குச் சரிப்படும் என்று கண்டுபிடிக்க ஏதாவது வழி இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: 9 ஜூன் 2025, காலை 6.50

தம்பி, எந்தத் துறை என்று கேட்கிறீர்கள். நான் 23 வருடமாக ஒரே துறையில் இருக்கிறேன். அதற்குள்ளேயே மூன்று வேலை பார்த்தாயிற்று. ஒன்றில் உருப்படவில்லை, ஒன்றில் சுமார், ஒன்றில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் முதலில் சேர்ந்தது கோவை கணபதி பக்கம் ஒரு பட்டறை. மொத்தம் 15 பேர். வெளியே இருந்து பார்த்தால் எல்லாருக்கும் ஒரே வேலை: "லேத் பட்டறையில இருக்கான்." உள்ளே வந்து பாருங்கள். ஒருவர் புரோகிராம் எழுதுவார், நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம். ஒருவர் செட்டிங் போடுவார். ஐந்தாறு பேர் ஜாப் (மெஷினில் வெட்ட வேண்டிய உலோகத் துண்டு) மாட்டிக் கழற்றுவார்கள், கை பாட்டுக்கு ஓடும், மனசு ஊரில் இருக்கும், ஐந்தரைக்கு கை கழுவிவிட்டு சிரித்துக்கொண்டே போவார்கள். ஒருவர் கஸ்டமரிடம் போனில் "வண்டியில ஏத்தியாச்சுங்க" என்பார், ஜாப் அப்போதுதான் மெஷினில் ஏறியிருக்கும். ஒரு அக்கா பிசிறு தட்டுவார். ஒருவர் கணக்கு. ஒருவர் ஓரமாக மேஜை போட்டு உட்கார்ந்து அளந்துகொண்டே இருப்பார்.

போனில் பேசுகிறவரைக் கொண்டுபோய் அளக்க உட்கார வைத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் ஓடிவிடுவார். அளக்கிறவரிடம் போனைக் கொடுத்தால் கஸ்டமரே போய்விடுவான். இவர்கள் எல்லாரும் மெக்கானிக்கல் துறைதான்!

அதனால் துறையை விடுங்கள், மூலையைத் தேடுங்கள். எந்த இடத்துக்குப் போனாலும் அதற்குள் ஏழெட்டு மூலை இருக்கும், அதில் ஒன்று உங்களுடையது. நான் 2006-இல் மெஷினை விட்டு நானாகவே குவாலிட்டிக்கு, அந்த அளக்கிற மேஜைக்கு, மாறினேன். அதற்கு முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் வயிற்றைக் கலக்கும். அது நின்றது.

9 ஜூன், காலை 7.05

நான் டிப்ளமோ. 2002. சொல்ல மறந்துவிட்டேன். பி.இ. ஆட்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

9 ஜூன், இரவு 9.30

கீழே ஒருவர் ஆர்வத் தேர்வு லிங்க் கொடுத்திருக்கிறார். அமெரிக்கத் தொழிலாளர் துறை இலவசமாகப் போட்டிருப்பது, 60 கேள்வி. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து நானும் போட்டுப் பார்த்தேன்.

அடிப்படை ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளருடையது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ராணுவத்தில் ஆட்களைப் பேட்டி எடுத்து எந்த வேலைக்கு அனுப்பலாம் என்று பிரித்தவர். வந்தவனெல்லாம் ஒரு சில வகைக்குள் அடங்குகிறானே என்று அங்கேதான் அவருக்குப் பட்டதாம். 1959-இல் அதை ஒரு கொள்கையாக எழுதினார். ஆறு வகை: கையால் செய்கிறவன், துருவிப் பார்க்கிறவன், கலைக்காரன், மனிதர்களோடு இருக்க வேண்டியவன், பேசிக் காரியம் முடிக்கிறவன், ஒழுங்காகப் பதிந்து வைக்கிறவன். எனக்கு வந்தது முதலாவதும் கடைசியும். 41 வயதில் இதைத் தெரிந்து என்ன செய்ய என்று சிரித்தேன், ஆனால் தப்பு இல்லை.

தகராறு கேள்விகளில் இருக்கிறது. முதல் கேள்வியே சமையலறை அலமாரி செய்யப் பிடிக்குமா. இரண்டாவது, செங்கல் அடுக்க, டைல்ஸ் ஒட்டப் பிடிக்குமா. நம் ஊரில் எத்தனை பி.இ. பையன் அதற்குப் "பிடிக்கும்" என்று போடுவான்? நிஜத்தில் பிடித்தாலும் போடமாட்டான். கொத்தனார் வேலை என்றதும் அவன் மனதில் வருவது செங்கல் இல்லை, பெரியம்மா முகம். என் சித்தப்பா பையன் ஒருவன் சின்ன வயதில் மணலைக் குவித்துக் கட்டாத வீடு இல்லை. அவனிடம் இதே கேள்வியைக் கேட்டேன். யோசிக்காமல் "பிடிக்காது" என்றான். இப்போது வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறான், வீட்டில் சுவர் விரிசல் விட்டால் லீவு போட்டு அவனே பூசுகிறான்.

அதனால் போட்டுப் பாருங்கள், ஆனால் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில்.

12 ஜூன், இரவு 10.15

குரூப் 4 பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் எழுதியதில்லை. என்னோடு டிப்ளமோ படித்தவன் எழுதி கிராம நிர்வாக அலுவலர் ஆனான். அவனிடம் போன வாரம் பேசினேன், அதைச் சொல்கிறேன்.

தேர்வில் 200 கேள்வி. பாதி தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கு. மூன்று மணி நேரம். அவனுக்கு அந்தப் படிப்பு அவ்வளவு பிடித்ததாம். சிந்து சமவெளி, சங்க இலக்கியம், அரசியலமைப்பு என்று ராத்திரி பகலாகப் படித்தான். வேலைக்குப் போனால் அடங்கல், பட்டா, வாரிசு, வாய்க்கால் தகராறு. "படிச்சதுக்கும் பார்க்கறதுக்கும் சம்பந்தமே இல்லடா" என்றான். ஆனால் அவனுக்கு அது சரிப்பட்டுவிட்டது. காலையில் திண்ணையில் உட்கார்ந்தால் மாலை வரை பேச ஆள் வந்துகொண்டே இருக்கும், அவனுக்கு அதுதான் வேண்டும். அதே வருடம் தேறிய இன்னொருவன் ஆள் கூட்டம் கண்டாலே வியர்ப்பவன். அவன் இளநிலை உதவியாளராகக் கோப்புக்குள் தலையை விட்டு நிம்மதியாக இருக்கிறான். இரண்டு பேரும் எழுதியது ஒரே வினாத்தாள்.

அதாவது தேர்வு உங்களை வடிகட்டுமே தவிர, எங்கே வைக்கலாம் என்று பார்க்காது. பார்க்கவும் முடியாது. 2024-இல் சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள், இந்தத் தடவை அறிவித்த பணியிடமே 3,935. வடிகட்டத்தான் நேரம் இருக்கும்.

நிஜமாகப் பொருத்தம் பார்க்கிற தேர்வு ஒன்று உண்டு: ரயில்வேயில் உதவி ஓட்டுநர் எடுப்பது. எழுத்துத் தேர்வெல்லாம் முடிந்த பிறகு கம்ப்யூட்டரில் ஒரு திறனறித் தேர்வு வைப்பார்கள். ஞாபகம், கவனம், தூரம் மதிப்பிடுவது, சொன்னதைச் சொன்னபடி செய்வது என்று ஐந்து பகுதி. ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 42 வர வேண்டும், எந்தப் பிரிவினருக்கும் தளர்வு கிடையாது. ஒன்றில் 80 எடுத்து இன்னொன்றில் 41 என்றால் வெளியே. என் சித்தி மகன் அப்படித்தான் வெளியே வந்தான். தாண்டினாலும் கண் பரிசோதனை இருக்கிறது, கண்ணாடி இல்லாமல் 6/6 தெரிய வேண்டும், லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களை எடுப்பதில்லை. அன்று கொடுமை என்று தோன்றியது. பின்னால் ஆயிரம் பேரை வைத்து இழுக்கப் போகிறவனை எடுக்கிறார்கள் என்று யோசித்தால் நியாயம்தான்.

சித்தி மகன் இப்போது ஓட்டுநர்தான். கார் டிராவல்ஸ். நான் ஏறுவதில்லை.

15 ஜூன், மாலை 4.00

"மூலை, மூலை என்கிறீர்களே, அது தன் மூலை என்று எப்படித் தெரியும்?" என்று ஒருவர். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த நாளைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்.

நான் குவாலிட்டிக்கு வந்து ஒரு வருடம் இருக்கும். ஏப்ரல், மே. ஒரு அலுமினிய ஹவுசிங், அதாவது பேரிங் உட்காரும் கூடு, ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் 80 மி.மீ. துளை, எச்7 டாலரன்ஸ், அதாவது 80-க்கு மேல் 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) வரை பெரிதாக இருக்கலாம், ஒரு மைக்ரான்கூடச் சின்னதாக இருக்கக்கூடாது. கஸ்டமரிடமிருந்து திரும்பி வருகிறது: துளை சிறிது, பேரிங் இறங்கவில்லை. எங்கள் ரிப்போர்ட்டில் எல்லாம் சரி. மெஷின் ஓட்டும் அண்ணன் சத்தியம் செய்கிறார், "பதினஞ்சுல வெச்சிருக்கேன், நடு சென்டர்."

எல்லாரும் டூல் தேய்கிறது, ஸ்பிண்டில் (டூலைச் சுழற்றும் தண்டு) ஆடுகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி வந்த ஜாப்பில் பஞ்ச் அடித்திருந்த நேரக் குறியீட்டை ஒரு பழைய காலண்டர் பின்பக்கம் எழுதிக்கொண்டே வந்தேன். யாரும் சொல்லவில்லை. டீக்குக்கூடப் போகவில்லை. எழுதி முடித்ததும் பார்த்தால், திரும்பி வந்தது எல்லாமே மத்தியான ஷிப்ட். காலை ஷிப்ட் ஜாப் ஒன்றுகூட இல்லை.

அதற்கப்புறம் எளிது. துளையை அளக்கும் போர் கேஜை ஜீரோ செய்கிற ரிங், அதாவது அளவு தெரிந்த வளையம், எங்கள் ஏ.சி. ரூமில், 20 டிகிரியில் இருக்கும். அதை எடுத்து வந்து உடனே ஜீரோ வைத்து, ஓடிக்கொண்டிருக்கும் ஜாப்பில் விட்டு அளக்கிறார்கள். மதியம் ஜாப் 32 டிகிரி. அலுமினியம் மீட்டருக்கு, டிகிரிக்கு 23 மைக்ரான் விரியும். 80 மி.மீ.க்கு 12 டிகிரியில் 22 மைக்ரான். பதினைந்தில் வைத்த துளை ஆறியதும் மைனஸ் ஏழு. காலையில் ஆறு டிகிரிதான் வித்தியாசம், 11 மைக்ரான் சுருங்கி பிளஸ் நாலில் நிற்கும், பாஸ்.

இதைக் கண்டுபிடித்ததற்கு எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. மேனேஜர் "சரி, ரிங்கை இனிமே மெஷின் பக்கத்துல வெச்சிருங்க" என்றார், அவ்வளவுதான். எனக்குக் குறையாகவே தெரியவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பேருந்தில் எனக்கு நானே மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். மெஷின் ஓட்டின நாலு வருடத்தில் ஒரு நாள்கூட வேலையைப் பேருந்தில் ஏற்றியதில்லை, பயத்தைத் தவிர.

16 ஜூன், காலை 7.20

ஒரு டூல் ரூம் அண்ணன் திருத்தியிருக்கிறார். ரிங் இரும்பு, அளக்கும் கேஜும் இரும்பு, மெஷின் பக்கம் போனதும் அதுவும் சூடாகி விரியும், அதனால் 22 சுத்தமாக வராது, குறையும் என்கிறார். சரிதான். எங்களுக்கு ஜீரோ வைத்த உடனே அளந்த ஜாப்தான் அதிகம் மாட்டியது, கொஞ்சம் நேரம் கழித்து அளந்ததில் சில தப்பித்தன. அதை நான் கதை நன்றாக வர வேண்டும் என்று விட்டுவிட்டேன். குவாலிட்டிக்காரன் செய்யக்கூடாத வேலை.

22 ஜூன், இரவு 11.10

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன்.

"மெஷின் ஆபரேட்டருக்கு ஓவர்டைம் உண்டு, இன்ஸ்பெக்டருக்கு அப்போது இல்லை. சம்பளம் குறையும் என்று தெரிந்தும் நீங்களாகவே ஏன் மாறினீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கேள்வியைப் பார்த்ததும் கடுப்பு வந்தது. அப்படி வந்தாலே அதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

நானாக மாறவில்லை. மாற்றினார்கள்.

2006 செப்டம்பர். வி.எம்.சி.யில், அதாவது புரோகிராம்படி தானே துளை போட்டு வெட்டும் மெஷினில், ஏழாம் நம்பர் டிரில் உடைந்தது. புது டிரில் போட்டேன், பழையதைவிட 18 மி.மீ. நீளம் ஹோல்டரிலிருந்து வெளியே நின்றது. டூல் மாற்றினால் நீளம் எடுத்து ஆஃப்செட்டில் (மெஷினுக்கு டூல் நீளத்தைச் சொல்லும் இடம்) போட வேண்டும், அது அரிச்சுவடி. நான் போடவில்லை. பக்கத்து மெஷின்காரர் ஏதோ கேட்டார், பதில் சொன்னேன், திரும்பி வந்து ஸ்டார்ட்டை அழுத்தினேன். ரேபிட், அதாவது டூல் வெட்டாமல் நகரும் வேகம், 25 சதவீதத்தில் வைத்திருந்தாலாவது நிறுத்தக் கை ஓடியிருக்கும். 100-இல் இருந்தது. ஜாப்புக்கு ஐந்து மி.மீ. மேலே வந்து நிற்க வேண்டியது, பதின்மூன்று மி.மீ. உள்ளே போக முயற்சி செய்தது. அந்தச் சத்தத்தை எழுத வராது. பட்டறையில் எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஸ்பிண்டில் போயிற்று. முதலாளி திட்டவில்லை. மறுநாள் காலை "நீ கொஞ்ச நாள் அங்க உக்காரு" என்று அளக்கும் மேஜையைக் காட்டினார். அது தண்டனை. அங்கே ஏற்கனவே இருந்தவர் ரிட்டயர் ஆகப் போகிறவர், அந்த மேஜைக்கு வேறு யாரும் போட்டி போடவில்லை.

இத்தனை வருடம் "நானே மாறினேன்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் ஞாபகம். பெண் பார்க்கப் போன இடத்தில் முதலில் சொன்னது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஆக, 9-ஆம் தேதி "மூலையைத் தேடுங்கள்" என்று எழுதினேனே, நான் தேடவே இல்லை. உதைத்துத் தள்ளியதில் போய் விழுந்தேன். தம்பி, அந்தப் பதிவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தேடினால் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. விழுந்த இடத்தில் சுற்றிப் பார்த்தேன் என்பது மட்டும் உண்மை.

23 ஜூன், காலை 6.30

"ஸ்பிண்டில் எவ்வளவு ஆச்சு?" என்று மூன்று பேர் கேட்கிறார்கள். பட்டறைக்காரர்கள் மட்டும் கேட்கிற கேள்வி. சொல்ல மாட்டேன்.

29 ஜூன், காலை 10.00

ஒரு சகோதரி எழுதியதைப் படித்தீர்களா? படிக்காவிட்டால் மேலே போய்ப் படித்துவிட்டு வாருங்கள். ஐ.டி.ஐ.யில் டர்னர் (லேத்தில் வெட்டும் வேலை) படித்தவர், வகுப்பில் முதல். வேலைக்குப் போன மூன்று கம்பெனியிலும் மெஷின் பக்கமே விடவில்லை. "பொம்பளைப் புள்ளைங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி, இன்ஸ்பெக்‌ஷன்ல உக்காரும்மா." அவருக்கு அளப்பது பிடிக்கவில்லை. வெட்டத்தான் பிடிக்கும். "உங்களுக்குத் தண்டனையாகக் கிடைத்த மேஜை எங்களுக்கு வாசலிலேயே கிடைக்கிறது அண்ணா" என்று எழுதியிருக்கிறார்.

என்னிடம் பதில் இல்லை. என் ரூமிலேயே நாலு பெண்கள். நாலு பேரிடமும் மெஷினுக்குப் போக விருப்பமா என்று நான் கேட்டதே கிடையாது. கேட்டால் என்ன சொல்வார்கள் என்று தெரிந்திருந்ததாலோ என்னவோ.

நைட் ஷிப்ட் சட்டம் தடுக்கிறது என்று ஒருவர் கம்பெனிகளுக்காக வாதாடியிருக்கிறார். தொழிற்சாலைச் சட்டம் 1948, பிரிவு 66, இரவில் பெண்கள் வேலை செய்யத் தடை போட்டது உண்மை. ஆனால் அதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-த்திலேயே செல்லாது என்று சொல்லிவிட்டது. பகல் ஷிப்டிலும் மெஷின் கொடுக்காததற்கு எந்தச் சட்டம் காரணம்?

திங்கள்கிழமை கேட்கிறேன், நாலு பேரிடமும்.

1 ஜூலை, இரவு 9.45

கேட்டேன். மூன்று பேர் "எதுக்குண்ணா, இதுவே நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். ஒருத்தி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். மதியம் வந்து, "சி.என்.சி. லேத்ல ஒரு மாசம் விடுவாங்களா?" என்றாள். புரொடக்‌ஷன் மேனேஜரிடம் பேச வேண்டும். பேசப் பிடிக்காது. பேச வேண்டும்.

12 ஜூலை, மதியம் 2.15

தேர்வு முடிந்திருக்கும். தமிழ்ப் பகுதி கழுத்தை அறுத்துவிட்டது என்று இங்கே ஏற்கனவே புலம்பல் ஆரம்பம்.

எனக்கு அந்த விடைத்தாளில் மிகவும் பிடித்தது ஐந்தாவது வட்டம். ஏ, பி, சி, டி-க்கு அப்புறம் "விடை தெரியவில்லை" என்று ஒன்று. தெரியாவிட்டால் சும்மா விடக்கூடாது, தெரியாது என்று கறுப்பு பேனாவால் நிரப்பிக் காட்ட வேண்டும். ஹாலண்ட் தேர்விலும் நடுவில் "தெரியவில்லை" என்று ஒன்று உண்டு, 60-இல் 20-க்கு நான் அதைத்தான் போட்டேன்.

20 ஜூலை, மாலை 5.30

தம்பி திரும்பி வந்திருக்கிறார். தேர்வு சுமார் என்கிறார். அதைவிட, போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறார், அதை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன், பில்லிங்காரர்கள் திருத்துங்கள்.

அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி பில்லை நிராகரித்தால் ஒரு காரணக் குறியீடு போடுமாம். சி.ஓ. 29 என்றால் கெடு தாண்டிவிட்டது. சி.ஓ. 16 என்றால் விவரம் குறைகிறது அல்லது தப்பு. இவர் டீமின் வேலை, அங்கே போன் போட்டு ஒவ்வொரு பில்லாகச் சரிசெய்வது. போன் பேசுவதுதான் இவருக்கு எமன், ஒவ்வொரு காலுக்கு முன்னாலும் தண்ணீர் குடிக்கிறாராம். ஆனால் போன மாதம் ஒரே கிளினிக்கிலிருந்து முப்பது சொச்சம் பில், எல்லாம் சி.ஓ. 16. டீம் ஆளுக்கு ஐந்தாகப் பிரித்து போன் போட ஆரம்பித்தது. இவர் போடவில்லை. முப்பதையும் ஒரு ஷீட்டில் வரிசையாக ஒட்டிப் பார்த்திருக்கிறார். எல்லாமே புதிதாகச் சேர்ந்த ஒரு டாக்டருடையது. அங்கே ஒவ்வொரு டாக்டருக்கும் 10 இலக்க எண் உண்டு, சிஸ்டத்தில் ஏற்றும்போது யாரோ ஒரு இலக்கத்தை மாற்றி அடித்திருக்கிறார்கள். அதைத் திருத்தியதும் முப்பதும் தீர்ந்தது. "கால் டார்கெட் முடிக்கவில்லை என்று அன்று திட்டு வாங்கினேன், ஆனால் அந்த நைட் ஷிப்ட் எப்படிப் போனதென்றே தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார். அடுத்த வரியில், "எனக்கு எதிலும் ஆர்வம் இல்லை."

தம்பி! மத்தியான ஷிப்ட்!

20 ஜூலை, மாலை 6.10

பதட்டத்தில் பாதியில் அனுப்பிவிட்டேன்.

நான் சொல்ல வந்தது, உங்கள் கம்பெனியில் நிராகரிப்பை மட்டும் அலசுகிற டீம் தனியாக இருக்கும் என்று இங்கேயே இரண்டு பேர் சொல்கிறார்கள். அங்கே கேட்டுப் பாருங்கள். நண்பர் சொன்ன டேட்டா அனலிடிக்ஸையும் அவ்வளவு சீக்கிரம் தள்ள வேண்டாம், ஆனால் கோர்ஸுக்கு 60 ஆயிரம் கட்டுவதற்கு முன்னால் கையில் இருக்கிற ஷீட்டில் இன்னும் நாலு தடவை இதே மாதிரி செய்து பாருங்கள். அதே போதை வருகிறதா, முதல் தடவை மட்டும்தானா என்று தெரியும்.

அந்த டீமில் யாரையாவது பிடித்தால், "வேலை பிடிச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் "பரவாயில்லைங்க" என்பார்கள். "போன வாரம் எதுக்குத் திட்டு வாங்கினீங்க?" என்று கேளுங்கள். அந்தத் திட்டை உங்களால் வாங்க முடியுமா என்று பாருங்கள். மெஷினில் நான் வாங்கிய திட்டு எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது. குவாலிட்டியில் திட்டு அதைவிட அதிகம், தினமும், புரொடக்‌ஷன்காரன் முகத்துக்கு நேரே. "உன்னாலதான் டெஸ்பாட்ச் நிக்குது." ஒரு டீயில் போய்விடும். ஏன் என்று தெரியாது.

3 ஆகஸ்ட், இரவு 8.20

சம்பந்தம் இல்லாத ஒன்று. இன்று திருப்பூரில் ஒரு கல்யாணம். மனைவி வழி உறவினர் ஒருவர், "மாப்ள என்ன பண்றீங்க?" என்றார். "குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷனுங்க" என்றேன். புரியவில்லை. "செக்கிங்குங்க" என்றேன். "ஓ, எந்த பனியன் கம்பெனி?" என்றார். அந்த ஊரில் செக்கிங் என்றால் அதுதான், டேபிளில் பனியனை விரித்து ஓட்டை பார்ப்பது. இரும்பு, அலுமினியம், மைக்ரான் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பீஸ் ரேட்டா, மாசச் சம்பளமா?" என்றார்.

23 வருடம்.

10 ஆகஸ்ட், காலை 9.00

சி.என்.சி. லேத் கேட்ட பெண்ணுக்கு ஒரு மாதம் கொடுத்திருக்கிறார்கள். முதல் வாரம் ரேபிடை 25-ஐத் தாண்ட விடவில்லை நான். புரொடக்‌ஷன் மேனேஜர் "உங்க டிபார்ட்மென்ட் ஆளா, எங்க டிபார்ட்மென்ட் ஆளா?" என்று கேட்டார். நகர்ந்துவிட்டேன்.

26 அக்டோபர், மாலை 6.45

ரொம்ப நாள் வரவில்லை.

முதலில் தம்பி செய்தி. குரூப் 4 ரிசல்டில் ரேங்க் எட்டாத தூரம் என்கிறார். வீட்டில் அடுத்த வருடமும் எழுதச் சொல்கிறார்கள். நிராகரிப்பு டீமுக்கு செப்டம்பரில் மாறிவிட்டார், சம்பளம் அதேதான், நைட் ஷிப்டும் அதேதான். "போன் இல்லை, அது போதும் அண்ணா. ஆனால் இதுதான் என் வேலையா என்று இன்னும் தெரியவில்லை" என்கிறார். ஐந்தாவது வட்டம். நிரப்பி வையுங்கள் தம்பி, தப்பில்லை.

என் செய்தி இரண்டாவது. எங்கள் ரூமுக்குப் புது மெஷின் வருகிறது. ஜாப்பைத் தானே எடுத்து வைத்து, தானே தொட்டு அளந்து, தானே ரிப்போர்ட் அடிக்குமாம். "இனிமே நீங்க அளக்கவே வேண்டாம், கஸ்டமர் பக்கம் பாத்துக்கங்க" என்கிறார்கள். அதாவது ஓசூர், சென்னை, புனே என்று போய், ஏ.சி. அறையில் கோட்டு போட்டவர்கள் நடுவே உட்கார்ந்து, எங்கள் பக்கத் தப்பை இங்கிலீஷில் விளக்க வேண்டும். பதவி உயர்வு என்று லெட்டரில் போட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வயிற்றைக் கலக்குகிறது, 2006-க்கு அப்புறம் முதல் தடவை.

லேத்துக்குப் போன பெண் திரும்பி வர மாட்டேன் என்கிறாள். அவள் மேஜை காலியாகவே இருக்கிறது, அங்கேயே நானும் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டால் சிரிப்பார்கள்.

அதனால் கேள்வியை நான் மறுபடி கேட்கிறேன்: வயது 41, டிப்ளமோ, எனக்கு எந்த வேலை செட் ஆகும்?

26 அக்டோபர், இரவு 7.30

"துறையை விடுங்கள், மூலையைத் தேடுங்கள்" என்று பதினோரு பேர் ஒட்டியிருக்கிறீர்கள். நன்றாக இருங்கள்.

2 நவம்பர், இரவு 9.10

நாளை ஓசூர். முதல் மீட்டிங். பை கட்டியாயிற்று. 2002-இல் முதல் சம்பளத்தில் வாங்கிய வெர்னியர் ஒன்று இருக்கிறது, 0.02 மி.மீ. வரை அளக்கும் கைக்கருவி, பூட்டு ஸ்க்ரூ தேய்ந்தது, அதையும் துணிக்கு நடுவே சுற்றி வைத்தேன். மனைவி பார்த்துவிட்டு, "பேசத்தானே போறீங்க, இது எதுக்கு?" என்றார்.

3 நவம்பர், பிற்பகல் 3.40

ஓசூர். டீ இடைவேளை. ஒன்றரை மணி நேரம் ஸ்லைடு காட்டினார்கள், பாதி புரிந்தது. அப்புறம் தகராறு செய்த ஜாப்பையே மேஜை மேல் கொண்டுவந்து வைத்தார்கள். வெர்னியரை எடுத்துவிட்டேன்.